எத்தனை பலகை என்று கேட்ட டைப்பம்மா

எந்த வருஷம் என்று வசந்தா கேட்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். எனக்கு வருஷத்துக்கு நம்பர் சொல்லத் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த வருஷத்தைத் தொட்டுக் காட்டத் தெரியும். புதுப் பைசா வந்து, அணாவா பைசாவா என்று சந்தையில் எல்லோரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம். மெட்ராசில் கப்பலிலிருந்து இறங்கிய ஃப்ளூ ஜுரம் ரயிலேறி நகரிக்கும் புத்தூருக்கும் வந்து, வீட்டுக்கு இரண்டு பேரைப் படுக்க வைத்ததும் அந்தக் கோடையில்தான். ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கர்னூலில் கூடாரம் போட்டிருந்த சர்க்கார், ஹைதராபாத்துக்குக் குடிபோய் ஒரு பொங்கல் கடந்திருந்தது. எந்த ஊர் ஆந்திரா, எந்த ஊர் மெட்ராஸ் என்று கோடு கிழிப்பது மட்டும் பாக்கி. அந்த வருஷம்தான் உங்கள் சௌந்தரம் டீச்சரை, எங்கள் டைப்பம்மாவை, நான் முதலில் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை காலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது பேரன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தான். டைப்பம்மாவின் மகள் வசந்தா பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தேன். அவளே, "கஷ்டப்படல மாமா. ராத்திரி தோசை துன்னாங்க, சட்னியில உப்பு இல்லேன்னு என்னைத் திட்டினாங்க, படுத்தாங்க, அவ்ளோதான்" என்றாள். திட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

திருப்பதியிலும் சித்தூரிலும் அவரிடம் டைப்பும் ஆபீஸ் இங்கிலீஷும் படித்தவர்கள் நீங்கள். ஒரு கடுதாசி எழுதிக்கொண்டு போனால் முதலில் அவர் கேட்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "எத்தனை பலகை?" இங்கிலீஷில் மே என்றால் ஒரு பலகை, மஸ்ட் என்றால் ஏழு பலகை என்று விரலை மடக்குவார். அது ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிற சங்கதி என்று உங்களில் பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். இல்லை. அது பூலாங்குப்பத்து ஏரி மதகுச் சங்கதி. அது எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லத்தான் வசந்தாவை எழுதச் சொன்னேன்.

பூலாங்குப்பம் எங்கள் ஊர். நகரிக்குக் கிழக்கே. நான், முனுசாமி, அந்த ஊர் ஏரிக்கு நீர்கட்டி. மதகைத் திறந்து மூடி, யார் கழனிக்கு எந்த முறை, எத்தனை நாழிகை என்று தண்ணீர் விடுவது என் வேலை. நாற்பத்தொரு கழனிக்காரர்கள். அத்தனை பேர் முறையும் என் தலைக்குள்தான் இருக்க வேண்டும். மதகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பலகைகள் சொருகியிருக்கும். ஒன்றைத் தூக்கினால் தண்ணீர் கசியும், ஏழையும் தூக்கினால் மதகை ஒட்டிய மேல்மடைக் கழனி முழுகும். எனக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது.

கோடு கிழிக்கிற பேச்சு வந்ததும் ஊருக்குள் ஒரு பயம் வந்தது. ஏரி ஒரு பக்கமும் கழனி இன்னொரு பக்கமும் போய்விடும் போலிருக்கிறது என்று தாலுகா ஆபீசிலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படிப் போனால் எங்கள் மதகைத் திறக்க வேறொரு ராஜ்யத்துத் தாசில்தாரிடம் நாங்கள் போய் நிற்க வேண்டும். அவர் ஆர்டர் வருவதற்குள் நாற்று கருகிவிடும். அதிலும் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக் கழனி கன்னியம்மாவுடையது. புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையோடு அந்த இரண்டு காணியை நம்பியிருந்தாள். மேல்மடைக்காரனுக்குத் தண்ணீர் ஒரு வாரம் தள்ளினால் முனகுவான். அவளுக்கு ஒரு நாள் தள்ளினால் அந்த வருஷம் அடுப்பு இல்லை.

எல்லை விசாரணைக்கு வடக்கேயிருந்து ஒரு அதிகாரி வந்து புத்தூர் பங்களாவில் கேம்ப் போடப் போகிறார், மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கிராம முன்சீப் சுப்பராயுடு என்னையும் கூட்டிக்கொண்டு சித்தூர் போனார். மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் கேட்டார்: "எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கமானாலும் சரி என்று முன்சீப் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார்: "ஏ பக்கமைனா சரேங்க. ஏரியும் கழனியும் ஒரே பக்கம் இருக்கணும், அந்தே."

"அது மனு இல்லய்யா. மெட்ராசா ஆந்திராவா, அதச் சொல்லு."

ஒவ்வொருத்தரும் அதையே கேட்டார்கள். இரண்டு தினுசு மனுவும் அச்சடித்தே வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டியதுதான். எங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை என்றதும் ஒருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "பக்கம் இல்லாதவன் எல்லாம் எதுக்குய்யா மனு கொடுக்க வரான்?" என்று முன்சீப்பைக் கேட்டார். தமிழ்க்காரர் எங்களைத் தெலுங்கர் பக்கம் என்றார், தெலுங்குக்காரர் எங்களைத் தமிழர் பக்கம் என்றார். ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, வயலில் தமிழ். நாங்கள் யார் பக்கம் என்று சொல்வது?

கடைசியில் ஒரு டீக்கடைக்காரன் மாடிப்படியைக் காட்டினான். மேலே ஒரு டைப் இன்ஸ்டிட்யூட். அங்கே மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் சௌந்தரம். அப்போது அவருக்கும் என்னைப் போல இருபது சொச்சம் வயதுதான் இருக்கும். சேலை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தார். விரல் முழுக்க மசி. முன்சீப் சொன்னதை எல்லாம் கேட்டார். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு அழுத்திச் சொல்லணும்?" என்று கேட்டார்.

முன்சீப் என்னைப் பார்த்தார்.  "எப்படி எழுதணுமோ நீங்களே பாத்து எழுதுங்கம்மா" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. காதால் கேட்காத காகிதத்தில் யாரும் ரேகை வைக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் எதற்கென்றே தெரியாமல் ரேகை வைத்து, ஊர்த் தோப்பையே பறிகொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். எந்தப் பாஷையில் எழுதியிருந்தாலும் சரி, அந்தப் பாஷையிலேயே சத்தமாகப் படிக்க வேண்டும். புரிகிறதா என்பது வேறு. கேட்க வேண்டும். நான் இதைச் சொன்னதும் டைப்பம்மா சிரித்துவிட்டார்.

"இங்கிலீஷ்லயா? நாப்பத்தோரு பேருக்கும் முன்னாலயா?"

"ஆமாம்மா. சத்தம் கேக்காம ரேகை வெக்கமாட்டாங்க."

"அப்ப நான் ஊருக்கே வரேன். வண்டி அனுப்புங்க. மிஷினுக்கும் சேத்து இடம் வேணும்."

நாலு நாள் கழித்து நகரி ஸ்டேஷனில் இறங்கினார். எங்கள் மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு மிஷினை உட்கார வைத்து, தான் வண்டி ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் மதகுப் பக்கமாகப் பாய் விரித்தோம். ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தது. டைப் அடித்துக்கொண்டு வந்த மனுவை அவர் எழுந்து நின்று படித்தார். தண்ணீர் வற்றிய ஏரிக்கு அந்தப் பக்கம் வரை இங்கிலீஷ் கேட்டது.

படித்து முடித்தார். கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, இன்னா இது, கெஞ்சறா மாதிரியே கீது?"

டைப்பம்மா காகிதத்தைக் கீழே இறக்கினார். "உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஆனா மே மேன்னு ஆட்டுக்குட்டி கத்தறா மாதிரி கத்திக்கினே இருந்தியே, அது கெஞ்சறதுதானே?"

கூட்டம் சிரித்தது. டைப்பம்மாவும் சிரித்தார். ஆனால் பாயில் உட்கார்ந்து காகிதத்தைத் திரும்பப் பார்த்தபோது அவர் முகம் மாறியது. "சரியாத்தான் சொல்றா. பதினாலு வரியில பதினொண்ணு மே. சர்க்காருக்கு இப்படித்தான் எழுதணும்னு பழகிப்போச்சு" என்றார். பிறகு, இங்கிலீஷில் ஒரு வேலையைச் சொல்லும்போது அதற்கு முன்னால் ஒரு துணைச் சொல் வரும், அது அழுத்தத்தைக் காட்டும் என்று எங்களுக்குச் சொன்னார். மே என்றால் ஆகலாம். குட் என்றால் ஆகக்கூடும். ஷுட் என்றால் ஆவதுதான் நியாயம். மஸ்ட் என்றால் ஆகியே தீர வேண்டும்.

"அப்ப எல்லா இடத்துலயும் அந்தக் கடைசியப் போடு" என்றார் மேல்மடைக் கிழவர் ஒருத்தர்.

"போட்டா அதிகாரி காகிதத்தைத் தூக்கி எறிவாரு பெரியவரே. நீ யாருடா எனக்குக் கட்டளை போடன்னு."

அப்போது கன்னியம்மா எழுந்து மதகண்டை போனாள். "இங்க பாரும்மா. ஏழு பலகை. ஏழும் தூக்கினா பெரியவர் கழனி முழுகும். ஒண்ணே ஒண்ணு தூக்கினா என் கழனிக்கு ஈரம்கூட வராது. எந்தக் கழனிக்கு எத்தினி பலகைன்னு முனுசாமிக்குத் தெரியும். அதே மாதிரி எந்த வரிக்கு எத்தினி பலகைன்னு கேட்டுக் கேட்டுப் போடேன்."

டைப்பம்மா எழுந்துபோய் மதகுப் பலகைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு மிஷினில் புதுக் காகிதம் சொருகினார்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க வரி வரியாக அதுதான் நடந்தது. அவர் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்வார், தெலுங்கில் சொல்வார், "எத்தனை பலகை?" என்பார். ஊர் சண்டை போட்டு ஒரு எண்ணுக்கு வரும். அவர் அதற்கு ஏற்ற சொல்லைப் போடுவார். மே ஒன்று, குட் இரண்டு, கேன் மூன்று, வுட் நாலு, ஷுட் ஐந்து, வில் ஆறு, மஸ்ட் ஏழு. "படிச்சவங்க கேட்டா என்னை அடிக்க வருவாங்க. இந்த ஏரிக்கு இதுதான் கணக்கு" என்றார்.

எந்த ராஜ்யம் என்பதற்கு ஒரே பலகை என்று ஊர் ஏகமனதாகச் சொன்னது. எங்களை எந்தப் பக்கமும் வைக்கலாம். தண்ணீர் எங்கள் மதகிலிருந்தே வர வேண்டும் என்பதற்கு ஐந்து. ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது, ஏரியும் கழனியும் பிரியக் கூடாது என்கிற வரி. "ஏழு" என்றாள் கன்னியம்மா. யாரும் மறுக்கவில்லை.

அங்கேதான் டைப்பம்மா இன்னொன்றும் சொன்னார். பலகை தூக்கினால் மட்டும் போதாது, தண்ணீர் எங்கே போவதென்று வாய்க்காலும் வேண்டும் இல்லையா? இங்கிலீஷில் அதற்குச் சின்னச் சின்னச் சொற்கள் இருக்கின்றன. ஃப்ரம் என்றால் அங்கிருந்து வருவது. டு என்றால் ஓரிடத்துக்குப் போவது. வித் என்றால் கூடவே இருப்பது. "நான் முதல்ல டு போட்டிருந்தேன். ஏரியைக் கழனி இருக்கிற ராஜ்யத்துக்கு மாத்தணும்னு. எது வேணும் உங்களுக்கு?"

"போறதும் வேணாம், வரதும் வேணாம். கூட இருக்கறதப் போடு" என்றாள் கன்னியம்மா.

அந்த வரி இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது: தி லேக் மஸ்ட் ரிமெய்ன் வித் தி ஃபீல்ட்ஸ். ஏரி கழனியோடு கூடவே இருந்தாக வேண்டும். மறுபடியும் முழுக்கப் படித்துக் காட்டினார். இந்தத் தடவை ஏழு பலகை வரியில் கூட்டமே "ஆங்" என்றது. நாற்பத்தொரு ரேகையும் ஊதா மசியில் விழுந்தன. முதல் ரேகை கன்னியம்மாவுடையது.

அதற்குப் பின் நாங்கள் செய்ததை வேறெந்த ஊரும் செய்திருக்காது. இவ்வளவு நல்ல மனுவை வெறுமனே கொடுப்பதா என்று ஊருக்குத் தோன்றியது. மதகுக்கு மேலே எங்கள் கெங்கையம்மன் இருக்கிறாள். மனுவைச் சுருட்டி அம்மன் கையில் வைத்துவிட்டோம். பூசாரி பக்திமான். அம்மனுக்கு நடந்த அபிஷேகமெல்லாம் மனுவுக்கும் நடந்தது. மஞ்சள் தண்ணீர், பால், இளநீர், ஒன்பது நாள். விசாரணைக்குப் போகிற காலையில் எடுத்துப் பிரித்தால் ஒரே ஊதா. நாற்பத்தொரு ரேகையும் ஒன்றாகக் கலந்து, பெரிய நாவல்பழத்தை நசுக்கின மாதிரி இருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

முன்சீப் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூசாரி மட்டும், "அம்மா ஏத்துக்கினாள்னு அர்த்தம்" என்றார். கன்னியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கோவிலுக்குள் போய்விட்டார்.

என்ன ஆனாலும் போவோம் என்று கழனிக்காரர்கள் ஏழு பேரும் நானும் புத்தூர் போனோம். பங்களா வாசலில் யூகலிப்டஸ் தைல வாசனை. எல்லோர் கையிலும் கைக்குட்டை, எல்லோருக்கும் ஜுரப் பயம். வராந்தாவின் ஓரத்தில், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு டைப்பம்மா உட்கார்ந்திருந்தார். ஜுரத்தோடு ரயிலேறி வந்திருந்தார். "எழுதினது போய்ச் சேருதான்னு பாக்காம எனக்குப் படுத்தா தூக்கம் வராது" என்றார். ஊதாக் காகிதத்தைக் கையில் கொடுத்தோம். விஷயத்தைச் சொன்னோம். திட்டுவார் என்று நின்றோம். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கன்னியம்மா முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

"கார்பன் காப்பி இருக்கே. ஆனா சித்தூர்ல இருக்கு" என்றார். அடுத்து எங்கள் முறை. அந்த மாதம் அவர் அடித்த மனுக்கள் எத்தனையோ. எங்கள் பதினாலு வரியும், எந்த வரிக்கு எத்தனை பலகை என்பதும் அவருக்கு அப்படியே ஞாபகம் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "முதல் வரி என்னன்னு போட்டேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

இரண்டு தடவை கேட்டதை நான் எங்கே மறப்பேன்? சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடுத்தது?" சொன்னேன். உடனே எழுந்து கேம்ப் குமாஸ்தாவிடம் போனார். மிஷினைக் கொஞ்ச நேரம் தர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். அவர், வெளியாருக்குத் தர முடியாது என்றார். "வெளியாள் தொட வேண்டாம்னா நீங்களே அடிங்க. இவர் சொல்லுவார்" என்று என்னைக் காட்டினார். இடுப்பில் துண்டு கட்டிய, சட்டை இல்லாத என்னைக் குமாஸ்தா மேலும் கீழும் பார்த்தார். மிஷினை டைப்பம்மா பக்கமாகவே தள்ளிவிட்டார்.

நான் சொல்ல, ஜுரக் கையால் அவர் அடித்தார். அர்த்தம் தெரியாத சொல்லைக்கூட நான் கேட்ட சத்தத்தோடேயே சொன்னேன். அந்த ஒரு வரி வந்தபோது மட்டும் அவரே முந்திக்கொண்டு சொல்லி, "இது எனக்கே தெரியும், போ" என்றார். வந்திருந்த ஏழு பேரும் ரேகை வைத்தார்கள்.

உள்ளே போனோம். அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். எல்லோரையும் கேட்ட கேள்வியை எங்களையும் கேட்டார். எந்தப் பக்கம்? முன்சீப், எந்தப் பக்கமும் சரி என்றார். அதைக் குமாஸ்தா சொன்னதும் அதிகாரி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். மனுவைப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து என்னவோ கேட்டார்.

குமாஸ்தா எங்களிடம், "யாருய்யா அது மஸ்ட் சொன்னது? தொரை கேக்கறாரு" என்றார்.

 கன்னியம்மா முன்னால் வந்தாள். "நான்தான் சாமி. ஆனா அது உங்களுக்குச் சொன்னதில்ல. உங்களுக்குச் சொன்னது ஒரு பலகைதான். ஏழு பலகை ஏரிக்குச் சொன்னது. ஏரி கழனிய விட்டுப் போவக்கூடாதுன்னு."

குமாஸ்தா, "திமிராப் பேசறா" என்று எங்களிடம் முனகிவிட்டு, அதிகாரியிடம் எதைச் சொல்வதென்று விழித்தார். அப்போது டைப்பம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

"மே ஐ ஸ்பீக் ஃபார் ஹெர்?"

இவளுக்காக நான் பேசலாமா என்று அர்த்தம். அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "யூ மஸ்ட்."

ஒரு பலகை கேட்டார், ஏழு பலகை திறந்தது. எனக்கே புரிந்தது. டைப்பம்மா மதகையும் பலகையையும் கடைமடையையும் அந்த இரண்டு காணியையும் சொன்னார் போலிருக்கிறது. கன்னியம்மா பக்கமாகக் கையைக் காட்டினார், ஏழு விரலை நீட்டினார். நாற்பத்தொரு பெயர் இருக்கிறது, ஏழு ரேகைதான் இருக்கிறதே என்று அதிகாரி கேட்டபோது கன்னியம்மா அந்த ஊதாக் காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். "நாப்பத்தொண்ணும் இதுல கீது சாமி. எங்கம்மா தலைக்குக் குளிச்சிட்டா, அதான் கரைஞ்சிபோச்சி." அதை டைப்பம்மா இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனு ஓரத்தில் பென்சிலால் என்னவோ எழுதினார்.

வெளியே வந்ததும் எல்லோரும் டைப்பம்மாவைச் சூழ்ந்துகொண்டோம். தலைகீழாக இருந்த எழுத்தை அவர் படித்துவிட்டிருந்தார். "ஷுட் பி லுக்டு இன்டுன்னு எழுதியிருக்காரு, விசாரிக்கணும்னு அர்த்தம். ஷுட், அஞ்சு பலகை. அது பரவாயில்ல. பின்னால இருக்கிற வாய்க்கால்தான் இடிக்குது" என்றார்.

"இன்னா இடிக்குது?"

"இந்த இன்டு இருக்கே, ஆபீஸ்காரன் கையில அது ரொம்ப நீள வாய்க்கால். வில் லுக் இன்டுன்னா இன்னொரு நாள் பாப்பான். வில் லுக் அட்டுன்னா ஒரு தடவை கண்ணால பாப்பான். வில் ஸீ டுன்னு சொன்னா மட்டும் நீ வீட்டுக்குப் போகலாம், வேலை முடிஞ்சது."

அந்த நீள வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் கன்னியம்மா நாற்று விடும்போதெல்லாம் என்னிடம், "முனுசாமி, அடுத்த வருசம் இந்தத் தண்ணிய நீதான் விடுவியா, வேற எவனாவதா?" என்று கேட்பாள். நான் மூன்று பலகை தைரியத்தோடுதான் பதில் சொல்வேன். நான் சித்தூர் போகும்போதெல்லாம் டைப்பம்மா எழுந்துபோய் ஆபீசில் விசாரித்துவிட்டு வருவார். ஒரு தடவைகூட, எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னதில்லை.

கடைசியில் ஏப்ரல் மாதம் முதல் தேதி கோடு விழுந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. பூலாங்குப்பம் ஏரியும் கழனியும் இரண்டும் ஆந்திராவிலேயே இருந்தன, ஒன்றாக. நான் ஏரி மீனைப் பனையோலையில் கட்டிக்கொண்டு சித்தூர் ஓடினேன். மாடிப்படி ஏறும்போதே கத்தினேன்: "டைப்பம்மா, உங்க மனுவாலதான்!"

அவர் மிஷினை நிறுத்தவே இல்லை. "மனுவாலன்னு சொல்லாதே முனுசாமி. மே பி பிகாஸ் ஆஃப்னு சொல்லு. ஒரு பலகை போதும்" என்றார். பிறகு மீனை வாங்கி முகர்ந்து பார்த்து, "இது மட்டும் ஏழு பலகை" என்றார்.

அவர் திருப்பதிக்கு மாறிப் போன பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை மீனும் புது அரிசியும் போகும். பதிலுக்கு ஊருக்கு ஒரு கடுதாசி வேண்டுமானால் அவரே அடிப்பார். நாங்கள் அவரிடமே கொடுத்துவிட்ட அந்த ஊதாக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு இன்ஸ்டிட்யூட் சுவரில் மாட்டியிருந்தாரே, பார்த்திருப்பீர்கள். யாரோ பெரிய ஓவியர் போட்ட படம் என்று ஒரு மாணவர் என்னிடமே விளக்கம் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் பெண்டாட்டி திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொல்லியாக வேண்டும். சட்டையில்லாத கிழவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று டாக்டர்கள் என் தலைக்கு மேலேயே இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். முதல் நாள் ஒருத்தர், "ஷி குட் பி அவுட் ஆஃப் டேஞ்சர்" என்றார், ஆபத்திலிருந்து வெளியே வந்திருக்கக்கூடும் என்று அர்த்தம். நான் வராந்தாவுக்கு வந்து, சோறு கொண்டுவந்திருந்த டைப்பம்மாவிடம், "ரெண்டு பலகைதான் சொல்றாங்க" என்றேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் அதே டாக்டர், "ஷி ஷுட் பி அவுட் ஆஃப் டேஞ்சர்" என்றார். நான் ஓடி வந்து ஐந்து விரலைக் காட்டினேன். டைப்பம்மா கையிலிருந்த தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "டாக்டருக்கு அவுட் ஆஃப்ங்கற வாய்க்கால் சரியா வருது. பலகைதான் தினம் மாத்தறான்" என்றார். என் பெண்டாட்டி அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்து, டைப்பம்மாவுக்கு முறுக்கு சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று வசந்தா கேட்கிறாள். ஊதாக் காகிதம் அவளிடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். பக்கம் எது என்று ஊரே கேட்டபோது, எவ்வளவு அழுத்திச் சொல்லணும் என்று கேட்டாரே, அந்தக் கேள்வி எனக்குப் போதும். மகன்கள் சண்டை போட்டு என்னிடம் வந்து நின்றாலும், மருமகள் கோபித்துக்கொண்டாலும், நான் யார் பக்கம் என்று பார்ப்பதில்லை. எத்தனை பலகை என்றுதான் கேட்கிறேன். பாதிச் சண்டை ஒரு பலகைச் சண்டைதான்.

வியாழக்கிழமை போனை வைத்ததும் கடைமடைப் பக்கம் நடந்து போனேன். அந்த மனுவில் ரேகை வைத்த நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் போய்விட்டார்கள். முன்சீப் போய்விட்டார், மேல்மடைக் கிழவர் போய்விட்டார். மீதி ஒருத்தி வரப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்து, பேரன் நாற்று நடுவதைத் திட்டிக்கொண்டிருந்தாள். மதகில் நாலு பலகை தூக்கியிருந்தது, அவள் கழனியில் தண்ணீர் நின்றது. சொன்னேன். காது சரியாகக் கேட்காததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் பேரனைத் திட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் கேட்டாள்: "உசுரு போவும்போது அவங்க கூட யாரு இருந்தாங்க?"

"பொண்ணு வசந்தா கூடவே இருந்துச்சி" என்றேன்.

"கூட இருந்துச்சா? அப்போ சரி" என்றாள் கன்னியம்மா.